எண் இருக்கிறது, அளவு இல்லை: உணவில் சேரும் பாஸ்பேட்டும் சிறுநீரக நோயாளிகளும்

கொல்கத்தா: உறையவைத்த இறால் பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பினால், பொடி எழுத்துகளில் '451' என்றோ '452' என்றோ ஓர் எண் அச்சாகியிருப்பதைக் காணலாம். அது பாஸ்பேட் உப்பைக் குறிக்கும் சர்வதேச எண். எண்ணை அச்சிட்டுவிட்டால் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடுகிறது. எவ்வளவு பாஸ்பேட் என்ற கேள்விக்கு மட்டும் பொட்டலத்தில் விடை இல்லை.

சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு இது பெரிய விஷயமல்ல. அதிகமாக வரும் பாஸ்பரஸைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டு வாழ்பவரின் கதை வேறு. பொட்டலத்தில் அச்சாகாத அந்த அளவுதான் அவருக்குத் தேவை. மீன் இல்லாமல் சோறு இறங்காத கொல்கத்தாவில் இந்தச் சிக்கல் அடுக்களை வரை வந்துவிட்டது.

பாஸ்பரஸ் நஞ்சல்ல. எலும்பிலும் பல்லிலும் உயிரணுக்களிலும் இருக்கும் அத்தியாவசியத் தாது அது. பால், மீன், இறைச்சி, பருப்பு, தானியம் எல்லாவற்றிலும் இயற்கையாகவே உண்டு. ஆனால் இயற்கையில் இருப்பதை உடல் முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. தானியத்திலும் பருப்பிலும் அது பைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருப்பதால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மீனிலும் இறைச்சியிலும் உள்ளது ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் வரை உடலில் சேர்கிறது. ஆலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புக்கு இத்தகைய பூட்டு ஏதும் இல்லை. நீரில் கரைந்து, மிகப் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

எங்கெல்லாம் இருக்கிறது?

338 முதல் 343 வரையிலான எண்களும் 450, 451, 452 ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 338 என்பது பாஸ்பாரிக் அமிலம். கோலா பானங்களின் சுள்ளென்ற புளிப்பு அதனால் வருவது. கேக்குக்கான பேக்கிங் பவுடரில் சோடாவுடன் வினைபுரிந்து மாவை உப்பச் செய்யும் அமில உப்பு பெரும்பாலும் பாஸ்பேட் வகையே. அமெரிக்க வேதியியலாளர் ஈபன் ஹார்ஸ்போர்டு 1856ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். உடனடி நூடுல்ஸ், பால் பவுடர், சாசேஜ், சிக்கன் நகெட் என்று பட்டியல் நீள்கிறது.

பாலாடைக்கட்டியில் அதன் வேலை சுவாரசியமானது. சாதாரணப் பாலாடைக்கட்டியைச் சூடாக்கினால் கொழுப்பு தனியே பிரிந்து வழியும். பாஸ்பேட் உப்பு, பால் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விடுபட்ட புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்து அணைத்துக்கொள்ள, வழவழப்பான பதப்படுத்திய சீஸ் கிடைக்கிறது. கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் விற்கப்படும், போர்ச்சுக்கீசியர் வழிவந்ததாகக் கூறப்படும் பண்டேல் சீஸுக்கு இந்த உதவி தேவைப்படவில்லை. பாலைத் திரித்து, உப்பிட்டு, புகையூட்டி எடுப்பதுடன் அதன் பக்குவம் முடிந்துவிடுகிறது.

அரசே பாஸ்பேட்டை உணவில் சேர்த்த நேர்வுகளும் உண்டு. ரத்தசோகையைத் தடுக்க ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பில், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடாமல் காக்கச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் பயன்படுத்தப்பட்டது. பிரதமரின் 2021 சுதந்திர தின அறிவிப்பைத் தொடர்ந்து நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்ட செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து பெர்ரிக் பைரோபாஸ்பேட் வடிவில் கலக்கப்பட்டது. இவற்றில் உள்ள அளவு மிகச் சிறியது, அச்சத்துக்கு இடமில்லை.

இறாலும் எடையும்:

அளவு பெரிதாகும் இடம் கடல் உணவு. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியிலும் பூர்வ மேதினிப்பூர் மாவட்டத்தின் கடலோரத்திலும் வளர்க்கப்படும் இறால், தலை நீக்கி, தோல் உரித்து, உறையவைத்து வெளிநாடுகளுக்குச் செல்கிறது. உறைந்த இறால் உருகும்போது தசையிலிருந்து நீர் கசியும். நீருடன் எடையும் மென்மையும் போய்விடும். சமைத்தால் சுருங்கி ரப்பர் போலாகும். உறையவைக்கும் முன் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்தால் இந்தக் கசிவு குறைகிறது. கரைசல் தசையின் காரத்தன்மையைச் சற்றே உயர்த்துகிறது. இறுகிக் கிடக்கும் புரத இழைகள் விலகி, இடையில் நீரைத் தேக்கிக்கொள்கின்றன.

இதுவரை தொழில்நுட்பம். ஊறும் நேரம் கூடினால் இறால் தன் நீரைக் காத்துக்கொள்வதோடு நிற்காமல் கரைசலின் நீரையும் குடிக்கத் தொடங்கும். அந்த நீரும் இறால் விலைக்கே விற்பனையாகும். கடல் உணவு வர்த்தகத்தில் பாஸ்பேட் மீது உலகெங்கும் எழும் முதல் புகார் உடல்நலம் பற்றியதல்ல, எடை பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியம் உறையவைத்த இறாலில் கிலோவுக்கு 5 கிராம் வரை பாஸ்பேட் சேர்க்க அனுமதிக்கிறது. இந்த 5 கிராம் என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது. பாஸ்பரஸாக மாற்றினால் சுமார் 2.2 கிராம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் தனது வரம்பைப் பாஸ்பரஸாகவே கணக்கிட்டு 2,200 மில்லிகிராம் என்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு வேதியியல் ஆசிரியர் தேவைப்படுகிறார். ஆணையங்கள் ஏன் ஒரே அலகில் பேசக் கூடாது என்று கேட்க ஆளில்லை.

நூறு கிராம் இறாலில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். வரம்பின் விளிம்பு வரை பாஸ்பேட் சேர்த்த இறாலில் மேலும் 220 மில்லிகிராம் இருக்கலாம். அதாவது, சட்டத்தை மீறாமலேயே பாஸ்பரஸ் இரட்டிப்பாகிவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பாதியோ உடலில் விரைவாக உறிஞ்சப்படும் பாதி.

பெஹாலாவின் நினைவு:

கொல்கத்தாவில் பாஸ்பேட் என்ற சொல்லுக்கு ஒரு பழைய வடு உண்டு. 1988ஆம் ஆண்டு நகரின் தென்மேற்கில் உள்ள பெஹாலா பகுதியில் பல நூறு பேர் திடீரெனக் கால்கள் வலுவிழந்து நடக்க முடியாமல் போனார்கள். அவர்கள் சமைத்த ரேப்சீடு எண்ணெயில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் கலந்திருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. பிளாஸ்டிக்கை நெகிழ்விக்கவும் இயந்திர எண்ணெய்களிலும் பயன்படும் தொழிற்சாலை ரசாயனம் அது. உண்ட சில நாள்கள் அல்லது வாரங்கள் கழித்து நரம்பு இழைகளைச் சிதைப்பது அதன் இயல்பு. எண்ணெயைச் சந்தேகிக்கத் தோன்றும் முன்பே போத்தல் காலியாகிவிடும்.

தமிழர் வாழ்விலும் இதே ரசாயனம் தடம் பதித்திருக்கிறது. 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கைகால் செயலிழந்து மருத்துவமனைகளுக்கு வந்தனர். எல்லோரும் பூப்பெய்திய வயதினர். பருவமடைந்த பெண்ணுக்கு உடல் தேற நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் இருந்ததை இலங்கை மருத்துவர்கள் கண்டறிந்து, 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

பெயரில் பாஸ்பேட் என்று முடிவதைத் தவிர இந்த நஞ்சுக்கும் உணவில் அனுமதிக்கப்பட்ட உப்புகளுக்கும் தொடர்பில்லை. இறாலில் சேரும் ட்ரைபாலிபாஸ்பேட் நரம்பைத் தாக்குவதில்லை. அதே உப்புதான் சலவைத் தூளிலும் நெடுங்காலம் பயன்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் உணவுத் தர உப்பு வேறு, தொழிற்சாலைத் தர உப்பு வேறு. முன்னதில் ஆர்சனிக், ஈயம், புளோரைடு போன்ற மாசுகளுக்குக் கடும் வரம்பு உண்டு. பெஹாலாவின் நஞ்சு சில வாரங்களில் ஊரையே வீதிக்குக் கொண்டுவந்தது. உணவு பாஸ்பேட்டால் வரும் தீங்கு ஆண்டுக்கணக்கில், ஒவ்வொருவராக, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மட்டும் தெரிவது. அதனால்தான் அது செய்தியாவதில்லை.

யாருக்குப் பாதுகாப்பு?

பன்னாட்டு நிபுணர் குழு 1982இல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரை தாங்கலாம் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் மறுஆய்வு செய்து, 40 மில்லிகிராம் என்று வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். குழந்தைகள் பலர் அந்த வரம்பைத் தாண்டுவதாகவும் மதிப்பிட்டது.

அந்த அறிக்கையில் பரவலாகக் கவனிக்கப்படாத ஒரு வரி உண்டு. சிறுநீரகச் செயல்பாடு மிதமாகவோ கடுமையாகவோ குறைந்தவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்கிறது ஆணையம். மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கக்கூடும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. ஆக, 'பாதுகாப்பான அளவு' என்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் எண், யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர்களைத் தன் கணக்கிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் போதும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கூறும் அளவு. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று ஏறத்தாழ அதே அளவைத்தான் ரத்தத்திலிருந்து அகற்றும். உணவோ வாரத்தின் ஏழு நாளும் உள்ளே போகிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய பாஸ்பரஸ் அதைத் தாண்டிக் கூடிக்கொண்டே போனால், எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும், ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அதைக் கல்லாக்கும், தோலில் தாங்க முடியாத அரிப்பு வரும். சிறுநீரக நோயாளிகளில் பலர் இதய நோயாலேயே இறக்கின்றனர்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதியில் 279 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. புதிய மருந்து ஏதும் தரப்படவில்லை. பொட்டலத்தைப் படித்துப் பாஸ்பேட் சேர்த்த உணவைத் தவிர்க்க ஒரு பிரிவினருக்குக் கற்றுத்தரப்பட்டது. மூன்று மாதங்களில் அவர்களது ரத்தப் பாஸ்பரஸ், மற்ற பிரிவினரைவிட 0.6 மில்லிகிராம் கூடுதலாகக் குறைந்தது. பொட்டலத்தைப் படிக்கத் தெரிவதே மருந்தாக வேலை செய்தது எனலாம்.

பொதுவாகப் பழி விழுவது கோலாவின் மீது. கணக்குப் பார்த்தால் 330 மில்லி கோலாவில் சுமார் 50 முதல் 60 மில்லிகிராம் பாஸ்பரஸ்தான் இருக்கிறது. அதே அளவு பாலில் அதைவிடப் பல மடங்கு. கோலாவைத் தவிர்க்க வேறு காரணங்கள் உண்டு. நோயாளியின் நாள் கணக்கைத் தலைகீழாக்கக்கூடியவை பதப்படுத்திய இறைச்சி, உறைந்த கடல் உணவு, பதப்படுத்திய சீஸ் ஆகியவையே. கறியும் பருப்பும் குறைத்து, ஆசைக்குச் சிறிது இறால் மட்டும் என்று கட்டுப்பாடாக இருப்பவருக்கே இந்தப் பொட்டலம் துரோகம் செய்கிறது.

சட்டமும் ஆய்வகமும்:

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழான விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. எந்த உணவு வகையில் எந்தச் சேர்மானம் எவ்வளவு என்ற விரிவான அட்டவணை, கோடெக்ஸ் முறையைப் பின்பற்றி 2016இல் சேர்க்கப்பட்டது. ஆகவே, வரம்பு இல்லை என்று இந்தியச் சட்டத்தைக் குறை கூற முடியாது.

வரம்பு மீறப்பட்டதா என்று கண்டறிவதில்தான் இடர்ப்பாடு. கொல்கத்தா கைட் தெருவில் உள்ள மத்திய உணவு ஆய்வகம், பழைய சட்டத்தின் காலத்திலிருந்தே நாட்டின் மேல்முறையீட்டு ஆய்வகங்களுள் ஒன்று. தற்போது தேசிய உணவு ஆய்வகம் என்ற பெயரில் இயங்குகிறது. மாநில ஆய்வாளரின் முடிவை வணிகர் எதிர்த்தால் மாதிரி இத்தகைய ஆய்வகத்துக்கு வரும். அதன் முடிவே இறுதி. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் 2014இல் எடுக்கப்பட்ட மேகி நூடுல்ஸ் மாதிரியில் பத்து லட்சத்துக்கு 17.2 பங்கு ஈயம் இருப்பதாக அறிக்கை தந்தது இந்த ஆய்வகமே. அனுமதி 2.5 பங்கு. 2015 ஜூன் 5 அன்று நாடெங்கும் தடை வந்தது. மும்பை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று அதை ரத்து செய்தது. நீதிமன்றம் குறிப்பிட்ட மூன்று ஆய்வகங்களின் சோதனையில் ஈயம் வரம்புக்குள் இருப்பதாகத் தெரிந்தது. ஈயம் போன்ற அன்னியப் பொருளை அளப்பதிலேயே இத்தனை வழக்கு.

பாஸ்பேட்டோ அன்னியப் பொருளே அல்ல. இறாலின் தசையில் ஏற்கெனவே இருப்பது. சேர்க்கப்பட்ட ட்ரைபாலிபாஸ்பேட்டை இறாலின் சொந்த நொதிகளே படிப்படியாக உடைத்து, இயற்கையில் உள்ள எளிய பாஸ்பேட்டாக மாற்றிவிடுகின்றன. ஆய்வகத்துக்கு மாதிரி வந்து சேரும்போது எது இறாலுடையது, எது ஆலையுடையது என்று பிரித்தறிவது கடினம். புரதத்துக்கு ஈரமும் பாஸ்பேட்டும் என்ன விகிதத்தில் உள்ளன என்று பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. சோதனையில் பிடிபடாத பொருளை ஆலையின் சொந்த அறிவிப்பின் வழியாகவே அறிய முடியும். ஊறவைத்த கரைசலின் அடர்த்தியும் நேரமும் ஆலைக்குத் தெரியும்.

அறிவிப்பு விதியோ இங்கேதான் கைவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் முத்திரைச்சீட்டு விதிமுறைகளின்படி, சேர்மானத்தின் வகையையும் பெயரையோ எண்ணையோ குறிப்பிட்டால் போதும். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் கட்டாயம், சர்க்கரை கட்டாயம், கொழுப்பு கட்டாயம். பாஸ்பரஸ் கட்டாயமில்லை. அமெரிக்காவும் 2016இல் அட்டவணையைத் திருத்தியபோது பொட்டாசியத்தைக் கட்டாயமாக்கி, பாஸ்பரஸை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சந்தையில் கூறுகட்டி விற்கும் மீனுக்கும் உணவகத்தில் பரிமாறும் சிக்கனுக்கும் முத்திரைச்சீட்டே கிடையாது.

அவையில் மூன்று வாக்கு:

இந்த உப்புகள் ஒருமுறை நாடாளுமன்ற அவையையே உலுக்கியிருக்கின்றன. ஐரோப்பாவின் தெருவோர உணவான டோனர் கபாபின் உறைந்த இறைச்சியில் பாஸ்பேட்டை அனுமதிக்கும் முன்மொழிவு, 2017 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. இதய நோய் அச்சத்தைச் சுட்டி அதைத் தடுக்க 373 உறுப்பினர்கள் வாக்களித்தனர். தேவைப்பட்டது 376. மூன்று வாக்கில் தீர்மானம் தோற்று, கபாப் பிழைத்தது. ஆனால் அந்த விவாதத்தால் பாஸ்பேட் என்ற பெயர் சாதாரண நுகர்வோரின் காதிலும் விழுந்தது.

இந்தியாவில் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டு, ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை கிடைக்க வழி ஏற்பட்டது. இயந்திரம் அகற்றும் பாஸ்பரஸுக்கு அரசு பணம் செலுத்துகிறது. உள்ளே போகும் பாஸ்பரஸின் அளவை அச்சிட ஆலைக்கு ஆகும் செலவு, முத்திரைச்சீட்டில் இன்னொரு வரி. ஒரு வரி கூடினால் வணிகம் படுத்துவிடும் என்ற வாதம் சோடியத்துக்கும் எழுப்பப்படக்கூடியதே. சோடியம் இன்று அட்டவணையில் இருக்கிறது, வணிகமும் நடக்கிறது.

பொட்டலத்தின் முகப்பிலேயே எச்சரிக்கை அச்சிடுவது குறித்த வழக்கில், நிபுணர் குழு மூன்று மாதங்களில் பரிந்துரை அளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. பின்னர் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அந்த விவாதம் முழுவதும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றைச் சுற்றியே நடைபெற்றது. பாஸ்பரஸ் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. சிறுநீரக நோயாளிகள் 338 முதல் 343 வரையும் 450 முதல் 452 வரையும் உள்ள எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்வதே இப்போதைக்கு அவர்களுக்குக் கைகொடுக்கும் வழி.